ராஜபாளையத்தைக் காப்பதாகச் சொல்லி

நாட்டு நாய் இனம் அழிந்துகொண்டிருக்கிறது. ஆகவே நிறைய குட்டி எடுக்க வேண்டும், வீட்டுக்கு ஒன்று வாங்கி வளர்க்க வேண்டும், ரத்தம் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்ட நாள்களிலிருந்து இந்தப் பேச்சு தமிழ்நாட்டில் கேள்வி கேட்கப்படாத கருத்தாகிவிட்டது. காளைக்குச் சொன்ன நியாயத்தை அப்படியே நாய்க்கும் பொருத்திவிட்டார்கள். சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த சமயம் அது. அந்தக் கோபமும் இதோடு சேர்ந்துகொண்டது. பிறகு 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது 'மனதின் குரல்' வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லியே பேச, இந்த நாய்களுக்கு ஒரு சந்தை உருவானது. இன்று விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் கோவை, சென்னைப் புறநகர்களிலும் கொல்லைக்குக் கொல்லை குட்டி எடுத்து விற்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் இனத்தைக் காப்பாற்றுவதாக மனதார நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை தவறு. காப்பாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படுவதில் பெரும்பகுதி இந்த இனத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ராஜபாளையம் நாயை வைத்தே இதைச் சொல்கிறேன். கேடு மிகுதியாக விளைந்திருப்பது அதற்குத்தான்.

தோள்மட்டத்தில் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, பால் வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். பாளையக்காரர்களோடு சேர்த்துப் பேசப்படுகிற நாய் இது. காட்டுப்பன்றியைத் துரத்திப் போய் மறித்து நிற்பதற்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட உடல். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இரண்டு. மற்றது கர்நாடகத்தின் முதோல். ஆக, பெயரும் அங்கீகாரமும் வந்துவிட்டன. நாயின் நிலைமையோ வேறு.

முதலில் எண்ணிக்கை வாதம். குட்டிகள் பெருகினால் இனம் பிழைக்கும் என்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். மரபியலின் கணக்கு அப்படிப் போவதில்லை. ஒரு வட்டாரத்தில் 500 பெண் நாய்கள் குட்டி போடுகின்றன, அத்தனைக்கும் சேர்த்து 5 கடுவன்கள்தான் தகப்பன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 505 நாய்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்குப் போகும் மரபு வேறுபாட்டைக் கணக்கிட்டால் அந்தக் கூட்டம் ஏறத்தாழ 20 நாய்களுக்குத்தான் சமம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இந்த எண் வரும். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். இதே கணக்கில் 50 கடுவனும் 50 பெண் நாயும் உள்ள சிறு கூட்டம் 100 நாய்களுக்குச் சமம். நூறே நாய்கள் கொண்ட கூட்டம் ஐந்நூறு சொச்சம் கொண்ட கூட்டத்தைவிட ஐந்து மடங்கு வளமாக இருக்கிறது. எந்த வளர்ப்பு விலங்கு இனத்துக்கும் இந்த எண் 50க்குக் கீழே போனால் ஆபத்து என்பது மரபுவளப் பாதுகாப்பில் நெடுநாளாகச் சொல்லப்படும் அளவுகோல்.

நம் ஊர் நிலவரம் இதில் எந்தப் பக்கம் என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. கண்காட்சியில் கோப்பை வாங்கிய ஒரு கடுவனின் படம் பரவியதும், பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெண் நாயை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். சேர்க்கைக்குக் கூலியாகப் பணம், அல்லது ஈத்தில் நல்லதாக ஒரு குட்டி. அந்தக் கடுவன் முப்பது பெண் நாய்களோடு சேர்ந்து, ஈத்துக்கு ஆறு குட்டி வீதம் தப்பினால், 180 குட்டிகளுக்கு ஒரே தகப்பன். இரண்டு வருடம் கழித்து அந்தக் குட்டிகள் வளர்ந்து நிற்கும்போது, வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தகப்பன் எது என்றே நினைவிருக்காது. தெருக்கோடியில் இருக்கும் 'நல்ல லைன்' கடுவனோடு சேர்க்கிறார்கள். அதுவும் அதே தகப்பனின் பிள்ளை. அப்பா வழியில் அண்ணன் தங்கை. அப்படிச் சேர்ந்து பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகலாக இருக்கும். கூடப் பிறந்தவற்றையே சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு. மறைந்து கிடந்த கோளாறுகள் வெளியே வருவது இந்த வழியில்தான். ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறையும். பிறந்த குட்டி பால் குடிக்கத் திராணியில்லாமல் முதல் வாரத்திலேயே போகும். பெண் நாய் சினைப்படுவதே தடுமாறும். கேட்டால் 'கண் பட்டுவிட்டது' என்பார்கள், இல்லையென்றால் வெயில்மேல் பழி போடுவார்கள்.

இதற்கெல்லாம் மேலே 'சுத்த ரத்தம்' என்று ஒரு மந்திரம். தாய்க்கு மகனைச் சேர்ப்பதையும் தங்கைக்கு அண்ணனைச் சேர்ப்பதையும், லைன் கெடாமல் வைத்திருப்பதாகப் பெருமையோடு சொல்கிற பெரியவர்களைத் தென்மாவட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாயின் மேல் வைத்திருக்கும் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. நெருங்கிய சேர்க்கையைத் தெரிந்து செய்பவர் உண்டு; ஒரு குணத்தை நிலைநிறுத்த ஒரு தலைமுறை அப்படிச் செய்து, கிடைத்த குட்டிகளில் கடுமையாகக் கழித்து, அடுத்த தலைமுறையில் வெளியே போவார்கள். இங்கே நடப்பதில் கழிப்பதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. பக்கத்தில் இருப்பதைச் சேர்க்கிறார்கள், பிறப்பதையெல்லாம் விற்கிறார்கள். இதற்குச் சுத்தம் என்று பெயர் சூட்டுவதை ஏற்க முடியாது.

சுத்தம் என்றதும் ராஜபாளையத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறம். ஒரு புள்ளி இல்லாத வெள்ளை. காதோரம் செம்பழுப்புத் திட்டு விழுந்த குட்டிக்கு விலை கிடையாது. 'கிராஸ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். மூக்கில் கறுப்பு தெரிந்தால் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார். இந்த ஒரே அளவுகோல் இந்த இனத்துக்குச் செய்திருக்கும் தீங்கை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் நிறமிச் செல்களுக்கு உட்செவியில் வேறொரு வேலை இருக்கிறது. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் காக்ளியாவின் சுவரில், ரத்த ஓட்டம் மிகுந்த ஒரு மெல்லிய திசுப் பட்டை உண்டு. அங்கே இருக்கும் திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது அதுதான். அந்தப் பட்டை பிழைத்திருக்க நிறமிச் செல்கள் தேவை. கரு வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுத்தண்டுப் பகுதியிலிருந்து கிளம்பி உடலெங்கும் பரவுகின்றன. மிகுந்த வெள்ளை நாய்களில் அவை எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்வதில்லை. உட்செவிக்குப் போய்ச் சேராவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் அந்தப் பட்டை சிதைகிறது. அதைத் தொடர்ந்து ஒலியை உணரும் செல்களும் மடிகின்றன. பிறகு அவை முளைப்பதில்லை. குட்டி செவிடாகிறது. வெண்கோளாறு (அல்பினிசம்) உள்ள விலங்கு வேறு. அதில் நிறமிச் செல்கள் தத்தம் இடத்தில் இருக்கும், நிறம் மட்டும் உண்டாகாது, காது கேட்கும். வெள்ளை நாயின் சிக்கல் அந்தச் செல்களே இல்லாமல் போவது. நீலக் கண்ணோடு பிறக்கும் ராஜபாளையக் குட்டி செவிடாக இருக்கும் என்று நம் பெரியவர்கள் கண்டறிந்து வைத்திருப்பது இதே உண்மையைத்தான்.

அந்தப் பெரியவர்கள் காதைச் சோதிக்கும் முறையும் ஒன்று உண்டு. ஐந்து வாரக் குட்டிகள் சாக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்போது, பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டுவார்கள். ஏழு குட்டியும் தலை தூக்கும். 'எல்லாம் நல்ல காது' என்று முடிவாகிவிடும். கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். ஆறு குட்டிகள் தட்டின் சத்தத்துக்குத் தலை தூக்குகின்றன. ஏழாவது, மேலே படுத்திருந்தது சிலிர்த்ததும் கண் விழிக்கிறது. மற்றவை தட்டு இருக்கும் பக்கம் திரும்புகின்றன. இது உடன்பிறப்புகளின் முகத்தைப் பார்க்கிறது. அதைத் தனியே தூக்கி மண்தரையில் விட்டுத் தட்டினால், எறும்பை மோந்துகொண்டு நிற்கும். காலடி அதிர்வு படாதபடி, காற்று வீசாதபடி, பின்னால் நின்று சோதித்தால்தான் இந்த அளவுக்காவது பிடிபடும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒற்றைக்காது செவிடு. ஒரு காது கேட்கும் குட்டி தட்டுச் சத்தத்துக்கும் திரும்பும், கூப்பிட்டால் வரும், வாழ்நாள் முழுக்க வீட்டாருக்குத் தெரியாமலே இருந்துவிடும். அதை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டால் குறையும் கூடவே இறங்கும். வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் நாய்களில் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காக நடந்த சோதனைகளில், ஏறத்தாழ 8 விழுக்காடு நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. இன்னும் 22 விழுக்காட்டுக்கு ஒரு காது கேட்கவில்லை. அந்த இரண்டாவது கூட்டம் எந்தத் தட்டிலும் சிக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைதான் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு மருத்துவமனையில் எடுக்கும் 'பெரா' சோதனையையே நாய்க்கும் எடுப்பது. காதில் ஒலியைச் செலுத்தி, தலையில் பொருத்திய மின்முனைகள் வழியாக மூளைத்தண்டின் எதிர்வினையைப் பதிவு செய்வார்கள். ஐந்து வாரத்தில் எடுக்கலாம், சில நிமிட வேலை. குட்டி வாங்க வருகிற எத்தனை பேர் இந்தச் சோதனையைக் கேட்டிருப்பார்கள்? வெள்ளையைத்தான் கேட்கிறார்கள்.

டால்மேஷனில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பிறக்கும்போதே உடலில் பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் டால்மேஷன் குட்டிகளில் செவிட்டுத்தன்மை கணிசமாகக் குறைவு. ஆனால் அந்த இனத்தின் கண்காட்சி விதிப்படி திட்டுள்ள நாய் தகுதியிழந்தது. கேட்கும் காதுள்ளதை ஒதுக்கிவிட்டு அழகுப் புள்ளியுள்ளதைப் பெருக்கினார்கள். நாம் செய்வதும் இதேதான். அவர்களிடம் குறைந்தபட்சம் சோதனை முடிவுகளாவது இருக்கின்றன.

அதே டால்மேஷன் 'ரத்தம் கலக்கக் கூடாது' என்ற வாதத்துக்கும் பதில் வைத்திருக்கிறது. டால்மேஷன் அனைத்திலும் ஒரு மரபணுப் பிழை படிந்துபோயிருந்தது. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, கல் அடைத்து, ஆண் நாய்கள் சிறுநீர் கழிக்க முடியாமல் துடிக்கும். இனத்துக்குள்ளேயே தேடிப் பயனில்லை, பிழையில்லாத நாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு முறை இங்கிலீஷ் பாயின்ட்டர் நாயோடு சேர்த்தார். பிறந்தவற்றைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல மரபணு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டார். சில தலைமுறையில் கண்ணால் பிரித்தறிய முடியாத டால்மேஷன்கள் வந்துவிட்டன, கல் இல்லாமல். சங்கக்காரர்கள் ஒப்பவில்லை. ரத்தம் கெட்டுவிட்டது என்று பதிவை மறுத்தார்கள். 2011இல்தான் அமெரிக்க கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுக்கு நெருங்கிய காலத்தில் எத்தனை நாய்கள் வலியில் செத்திருக்கும்! தூய்மை என்ற ஒரு சொல்லுக்காக நாய்களைச் சித்திரவதைக்கு விட்டுவைத்த கதை அது. ராஜபாளையத்துக்கு வெளி இனத்தைக் கலக்கச் சொல்லி நான் இன்று வாதாடவில்லை, அதற்குத் தேவையும் வரவில்லை. திட்டுள்ளதையும் மூக்கு கறுத்ததையும் இனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒதுக்கப்பட்ட அந்தக் குட்டிகளும் ராஜபாளையங்களே. உட்செவிக்கு வேண்டியது அவற்றிடம் இருக்க வாய்ப்பு அதிகம்.

'நாட்டு நாய்க்கு நோயே வராது, டாக்டர் தேவையில்லை' என்ற பெருமையையும் இங்கே எடுத்துவிடுவது நல்லது. ஊர் ஊராகத் திரிந்து, வேட்டையில் தேறியது மட்டும் அடுத்த தலைமுறைக்குக் குட்டி கொடுத்த காலத்தில் அதில் உண்மை இருந்தது. கூண்டுக்குள் வைத்து, தேறாததையும் தேற்றி விற்கிற காலத்தில் அது இல்லை. பார்வோ வைரஸ் வந்தால் சிப்பிப்பாறைக் குட்டியும் இரண்டு நாளில் சாகும். உண்ணிக் காய்ச்சல் இனம் பார்த்து வருவதில்லை. போதாக்குறைக்கு, இந்த உடல்வாகுக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகும் நிலை வரலாம். அப்படிப் பாதிக்கப்பட்ட நாயின் பெற்றோருக்கும் உடன்பிறப்புக்கும் அந்த ஆபத்து கூடுதல் என்பதும் தெரிந்த செய்தி. பெற்ற தாய் அப்படிச் செத்ததை மறைத்து மகளைச் சினைப்படுத்துகிறவர் இனத்தைக் காப்பவரா? உடலில் கொழுப்பு மிகக் குறைந்த ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து இறங்க வெகுநேரம் ஆகும் என்பது கிரேஹவுண்டில் நன்கு அறியப்பட்டது. சிப்பிப்பாறைக்கோ கன்னிக்கோ அறுவைச் சிகிச்சை என்றால் வளர்ப்பவர் இதை மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லவாவது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வீரம். ராஜபாளையம் புதியவரை அண்ட விடாது, ஒருவருக்குத்தான் அடங்கும் என்பது உண்மையான குணம். ஆனால் விற்பனைக்கு வந்த பிறகு, பயந்து கடிப்பதையும் வீரம் என்றே விற்கிறார்கள். கொட்டகை மூலையில் கட்டியிருக்கும் ஒரு கடுவனை உற்றுப் பாருங்கள். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. காது பின்னால் மடிந்திருக்கிறது. உடம்பின் எடை முழுவதும் பின்னங்காலில். ஆள் நெருங்க நெருங்கச் சங்கிலி போகும் தூரம்வரை பின்வாங்கி, இனி இடமில்லை என்றானதும் பாய்கிறது. உரிமையாளர் சிரித்தபடி, 'பார்த்தீங்களா, எப்படிக் காவல் காக்குது!' என்கிறார். அது காவல் காக்கவில்லை, உயிருக்குப் பயந்து நிற்கிறது. பயந்த சுபாவம் வம்சத்தில் இறங்கக்கூடியது. அந்தக் கடுவனுக்குப் பெண் நாய்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பிறக்கும் குட்டிகளை வெளிச்சமில்லாத அறையில் வைத்து, மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரையிலான காலத்தில், நாய் உலகத்தைப் பழகிக்கொள்ளும் அந்தக் காலத்தில், ஒரு குழந்தையைக்கூடப் பார்க்க விடாமல் வளர்த்து விற்கிறார்கள். முப்பது கிலோ எடையோடு அது ஒரு குழந்தையின் முகத்தில் பாயும்போது, பழி அந்த இனத்தின் மேல் விழுகிறது. காது கேளாத நாயும் இந்தக் கணக்கில் சேரும். தூங்கும்போது யாரோ தொட்டதும் திடுக்கிட்டுக் கடித்துவிடுகிறது. 'கடி நாய்' என்று சங்கிலி இன்னும் குட்டையாகிறது.

வேட்டைக்காரர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். அதை மதிக்கிறேன். 'காட்டில் ஓட்டிப் பார்க்காமல் நாயை எப்படித் தேறும் தேறாது என்று சொல்வது? வேட்டை நின்றால் இனம் நின்றது' என்கிறார்கள். பாதி உண்மை. முயலும் பன்றியும் துரத்திய காலத்தில் நுரையீரல், பாதம், காது, துணிச்சல், அடக்கம் எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு பரீட்சை இருந்தது. செவிட்டு நாய் முதல் நாளே தெரிந்துவிடும். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பரீட்சை சட்டத்துக்குப் புறம்பானது. திருட்டுத்தனமாக இன்றும் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நாயைக் காப்பாற்ற முயலைக் கொல்ல வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வதிலிருந்து வேறொரு முடிவுக்குத்தான் வர முடியும். காடு செய்த தேர்வை இனி மனிதன் செய்தாக வேண்டும். ஓட்டம், மூச்சு, கூப்பிட்டால் திரும்புவது, கூட்டத்தில் நிதானம், தோட்டத்தில் காவல், இப்படி ஏதாவதொன்றில் தேறாத நாயிலிருந்து குட்டி எடுக்காமல் இருக்க வேண்டும். வேட்டையும் இல்லை, அதற்கு மாற்றாக எந்தத் தேர்வும் இல்லை, குட்டி மட்டும் வருடந்தோறும் என்றால், நாற்பது ஐம்பது வருடத்தில் வெள்ளைத் தோல் போர்த்த வேறொரு நாய்தான் மிஞ்சும்.

வீட்டுக்கு ஒன்று என்ற முழக்கத்துக்கு வருகிறேன். என் மனதை மிகவும் வருத்துவது இதுதான். நாளுக்குப் பல கிலோமீட்டர் ஓடத் துடிக்கிற உடலை அடுக்ககத்தின் மூன்றாவது மாடிக்கோ கார் நிறுத்தும் இடத்தின் தூணுக்கோ அனுப்புகிறார்கள். மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது அழகு. ஒன்பதாவது மாதத்தில் சோபாவைக் கிழிக்கிறது, மதில் தாண்டுகிறது, பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிக்கிறது. பிறகு சங்கிலி. ஒன்றரை வயதில், 'யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?' சென்னை, கோவைக் காப்பகங்களுக்கு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வந்து சேர்கின்றன. சில நெடுஞ்சாலையோரத்தில் இறக்கிவிடப்படுகின்றன. தமிழ்ப் பெருமைக்காக வாங்கியவர்கள் அந்தப் பெருமையை அவிழ்த்து விட்டுப் போன இடம் அது. குட்டியை விற்றவருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை. பொறுப்போடு குட்டி எடுப்பவர், வாங்க வருகிறவரிடம் பணத்தைக் கேட்பதற்கு முன் நிலம் எவ்வளவு, வேலி எவ்வளவு உயரம், பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், ஊருக்குப் போனால் நாய் என்ன ஆகும் என்று கேட்பார். பதில் திருப்தியில்லை என்றால் திருப்பி அனுப்புவார். முடியாமல் போனால் எந்த வயதிலும் என்னிடமே கொண்டுவா என்பார். அப்படிச் சொல்ல முடிகிறவரால் வருடத்துக்கு ஆறு ஈத்து எடுக்க முடியாது. திரும்பி வருகிறவற்றுக்கு அவர் வீட்டில் இடம் வேண்டுமே!

இப்படிப் பேசினால் உடனே இரண்டு பக்கமிருந்தும் கல் வரும். ஒரு பக்கம், 'குட்டியே எடுக்கக் கூடாது, தெருவில் ஆயிரம் நாய் இருக்கிறது, அதை எடுத்து வளர்' என்பவர்கள். தெரு நாயை எடுத்து வளர்ப்பதை வாழ்த்துகிறேன். ஆனால் குட்டியே கூடாது என்றால் இந்த இனம் பதினைந்து வருடத்தில் இல்லை. நூற்றாண்டுகளாக மனிதனோடு சேர்ந்து உருவான ஓர் உயிரை அப்படி முடித்துவிட எனக்கு மனமில்லை. சைதாப்பேட்டைப் பிரிவின் பராமரிப்பில் குறை இருந்தால் திருத்தியிருக்க வேண்டும். அரசின் கையில் ஒரு பதிவேடும் கடுவன்களும் இருப்பதற்கு அது ஒரு வாய்ப்பாக இருந்தது. கர்நாடகத்தில் முதோல் அருகே திம்மாப்பூரில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாய் ஆராய்ச்சி மையமே இயங்குகிறது.

மறுபக்கம், சட்டம் ஏழை வளர்ப்பவரை நசுக்குகிறது என்பவர்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்வது என்ன? பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும்; வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது; வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது; எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது; மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். இவற்றில் எது ஏழையை நசுக்குகிறது? இரண்டு நாய் வைத்திருக்கும் கரிசல்காட்டு விவசாயி இதில் பெரும்பாலானதை ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார். அவர் வீட்டுப் பெண் நாய் வருடம் ஒருமுறைதான் போடும். எட்டு வாரம் தாயோடு இருந்துதான் குட்டி போகும். நசுங்குவது, ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்தி, நாற்பதாம் நாளே குட்டியைப் பிரித்துப் பேருந்தில் பார்சல் போடும் வியாபாரம். பதிவுக் கட்டணமும் அலைச்சலும் சிறியவருக்குச் சுமை என்றால் அதைக் குறைக்கச் சொல்லிப் போராடலாம், நானும் வருகிறேன். விதியே வேண்டாம் என்பதற்கு அந்த விவசாயியை முன்னால் நிறுத்தக் கூடாது.

2024இல் தமிழக அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டபோது விவாதம் முழுவதும் பக், ஹஸ்கி போன்ற வெளிநாட்டு இனங்களைத் தடை செய்வது சரியா என்பதிலேயே நின்றுபோனது. ஹஸ்கியை நிறுத்தினால் ராஜபாளையத்துக்குக் காது கேட்டுவிடாது. திருநெல்வேலியில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் இருக்கின்றன. ஐந்து வாரக் குட்டிகளுக்குக் காது சோதனையை அங்கே கட்டணமின்றிச் செய்து, சோதித்த குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தி, தாய் தகப்பன் பெயரோடு யாரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் ஏற்றலாம். ஒரு கடுவன் இத்தனை ஈத்துக்கு மேல் தகப்பனாகக் கூடாது என்று வரம்பு வைக்க அந்தப் பதிவேடு போதும். கண்காட்சி நடத்துகிறவர்கள், காது சோதனைச் சான்று இல்லாத வெள்ளை நாயை வளையத்துக்குள் விடுவதில்லை என்று அறிவிக்கலாம். அதற்கு அரசு உத்தரவு எதுவும் தேவையில்லை. வாங்குகிறவர்கள் வெள்ளையைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தகப்பன் யார், அவனுக்கு இதுவரை எத்தனை ஈத்து, இந்தக் குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று கேட்கத் தொடங்கினால், பதில் இல்லாதவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் வேறு தொழிலுக்குப் போய்விடுவார்கள்.